ராணுவ ஏலத்தில் வாங்கிய ஜோங்கா: வண்டி வீட்டில் நிற்கிறது, ஆர்.சி. எங்கே?

கேள்வி: கோவையில் சிறிய பவுண்டரி நடத்துகிறேன். பழைய ராணுவ வண்டிகள் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பித்து. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறைக்காரரிடம் ஜோங்கா என்ற பழைய ராணுவ வண்டி ஒன்றை வாங்கினேன். அதை ராணுவ ஏலத்தில் எடுத்தவர் ஒரு பழைய இரும்பு வியாபாரி. அவரிடமிருந்து பட்டறைக்காரருக்கு வந்திருக்கிறது. பட்டறைக்காரர் எழுதிக்கொடுத்த ரசீதும், வியாபாரி பெயரில் உள்ள டெலிவரி சீட்டின் நகலும்தான் என்னிடம் இருக்கின்றன. வண்டிக்கு ஆர்.சி. இல்லை. பெட்ரோல் செலவு தாங்காமல் டீசல் எஞ்சின் மாற்றினேன்; பழைய எஞ்சின் தார்ப்பாய்க்குள் பத்திரமாக இருக்கிறது. முன் பம்பரில் பெயின்டைச் சுரண்டியபோது அம்புக்குறியும், 74 என்று தொடங்கும் ராணுவ எண்ணும் தெரிந்தன. அதே எண்ணை எழுதி, ஆலிவ் பச்சையும் அடித்தேன். சென்ற மாதம் பொள்ளாச்சி சாலையில் போலீசார் நிறுத்தி எச்சரித்து அனுப்பினார்கள். உடைத்துப்போட்ட ஒரு ஜீப்பின் ஆர்.சி. இருப்பதாகவும், அதன் எண்ணை என் சேசிஸில் அடித்துத் தருவதாகவும் ஒரு புரோக்கர் சொல்கிறார். சம்மதிக்கலாமா? பின்புறம் ஒரு டம்மி இயந்திரத் துப்பாக்கி பொருத்தவும் ஆசை.

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். புரோக்கரை இன்றே விரட்டிவிடுங்கள். நீங்கள் இதுவரை செய்தவை பெரும்பாலும் அபராதத்தோடு தீரக்கூடிய மோட்டார் வாகனச் சட்ட மீறல்கள். இன்னொரு வண்டியின் சேசிஸ் எண்ணை உங்கள் வண்டியில் அடித்து, அந்த ஆர்.சி.யைக் காட்டி ஓட்டினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகள் வந்து நிற்கும். அதாவது போலி ஆவணம் தயாரித்த குற்றமும், அதை அசல்போலப் பயன்படுத்திய குற்றமும். ஜீப்பின் ஆர்.சி.யில் இருக்கும் சக்கர இடைவெளியும் சிலிண்டர் எண்ணிக்கையும் ஜோங்காவோடு ஒத்துப்போகவும் மாட்டா. எஃப்.சி.க்குப் போனால், அனுபவமுள்ள பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். இதைவிடப் பெரிய ஆபத்து விபத்து. யாராவது அடிபட்டு இறந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் சேசிஸ் எண்ணைத்தான் சரிபார்க்கும். எண் போலி என்று தெரிந்தால் பொறுப்பை மறுக்கும், அல்லது தீர்ப்பாயம் சொன்ன தொகையைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க வரும். பவுண்டரியை விற்றுக் கட்ட வேண்டியிருக்கும். புரோக்கர் தன் கமிஷனோடு போய்விடுவார்.

இனி நேர்வழி. ராணுவப் பயன்பாட்டில் இருக்கும்போது இந்த வண்டிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 60ஆவது பிரிவின்படி அவற்றுக்குத் தனிப் பதிவு உண்டு. பம்பரில் நீங்கள் கண்ட அம்பும் எண்ணும் அந்தப் பதிவுதான். மத்திய அரசின் உடைமையாக இருப்பது நின்றதும் 39, 40 பிரிவுகள், அதாவது எல்லா வண்டிகளுக்கும் உள்ள பொதுவான பதிவுக் கட்டாயம், பொருந்தும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆக, ஏலம் முடிந்த நாளிலேயே அந்த எண் செத்துவிட்டது. நீங்கள் உயிர்கொடுத்து எழுதியது செத்த எண். அதைத் தாங்கிய வண்டி சட்டத்தின் கண்ணில் பதிவில்லாத வண்டி. முதல் தடவைக்கு 192ஆவது பிரிவில் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். 207ஆவது பிரிவில் வண்டியைப் பிடித்தும் வைக்கலாம். எச்சரித்து அனுப்பினார்கள் என்றால் அன்று உங்களுக்கு நல்ல நேரம்.

ஏலத்தில் எடுத்த ராணுவ வண்டியைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47ஆவது விதி, இத்தகைய வண்டிகளுக்கு உரிய அதிகாரி வழங்கிய அசல் விற்பனைச் சான்று, அதாவது படிவம் 21, வேண்டும் என்கிறது. ஷோரூமில் புது வண்டிக்குத் தரும் படிவமும் இதுவே. ஏலம் போன ராணுவ வண்டிக்குப் பாதுகாப்புத் துறை அதிகாரி கையெழுத்திட்டுத் தருவார். உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒற்றைத் தாளில்தான் இருக்கிறது. டெலிவரி சீட்டு வேறு, படிவம் 21 வேறு. ராணுவ டிப்போவின் வாயிலைச் சரக்கு தாண்டியது என்பதை மட்டுமே டெலிவரி சீட்டு சொல்லும்.

கையில் இருக்கும் நகலை எடுத்து, அதில் சரக்கை எப்படி விவரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 'வாகனம்' என்று சேசிஸ் எண்ணோடு தனியாக இருக்கிறதா, அல்லது பல வண்டிகளைச் சேர்த்து இரும்புக் கழிவாக எடைபோட்டுக் கொடுத்திருக்கிறார்களா? முன்னதென்றால் நம்பிக்கை உண்டு. பின்னதென்றால், அது உடைப்பதற்காக விற்ற இரும்பு. அதற்குப் படிவம் 21 கிடைக்காது, அதைச் சாலைக்குக் கொண்டுவர நான் அறிந்த நேர்மையான வழி எதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பாராமல் பணத்தைக் கொட்டுகிறவர்களே அதிகம். டிங்கரிங், பெயின்ட், ஹூட் துணி எல்லாம் முடிந்த பிறகு வக்கீலைத் தேடுவார்கள்.

வாகனமாக விற்றிருந்தால், வண்டியை வெளியேற்றிய டிப்போவின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண், ராணுவ எண் மூன்றையும் எழுதி, விற்பனை ஆணையின் நகலும் படிவம் 21 வழங்கப்பட்டதா என்ற விவரமும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எண்களை எழுதும் முன் சேசிஸில் பெயின்டை ரசாயனம் போட்டு மெதுவாக எடுத்து, பொறித்த எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் எண்ணைத் திருத்தினீர்களோ என்ற சந்தேகம் உங்கள்மேல் விழும்.

படிவம் 21 அந்த வியாபாரியின் பெயரில் இருக்கும். ஆகவே அவர் பெயரில் முதலில் பதிவாகி, பிறகு படிவம் 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு மாறுவதே சிக்கல் குறைந்த பாதை. அவரோ, அவர் இல்லையென்றால் வாரிசுகளோ கையெழுத்துப் போட வேண்டும். டெலிவரி எடுத்த ஏழு நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பதால் தாமதத்துக்கான தொகையும் வரி பாக்கியும் வரும். அவற்றை யார் கட்டுவது என்பதைக் கையெழுத்து வாங்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

'பழைய வண்டி, புத்தகம் போட முடியாது' என்று கவுன்ட்டரில் வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். எழுத்தில் கேளுங்கள். பதிவை மறுப்பதென்றால் 45ஆவது பிரிவின்படி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அது கிடைத்த 30 நாளில் 57ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் அப்பால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு போட முடியாது.

அடுத்தது டீசல் எஞ்சின். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை நிசான் பேட்ரோலின் அடிப்படையில் 1969 முதல் 1999 வரை கட்டிய ஜோங்காவின் உயிர், 3,956 சிசி கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோலைக் குடிப்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 52ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மீறினால் 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். படிவம் 21-இல் பெட்ரோல் எஞ்சினின் எண் இருக்க, பானெட்டுக்குள் டீசல் இருந்தால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். தார்ப்பாயை விலக்குங்கள், பழைய எஞ்சினை மீண்டும் ஏற்றுங்கள்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கென 81ஏ முதலான விதிகளைச் சேர்த்தது. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். பம்பரில் இருந்த 74, ராணுவம் வண்டியை எடுத்த ஆண்டைக் குறிக்கும். 60ஆவது பிரிவுப் பதிவும் பதிவுதான், ஆகவே 50 ஆண்டு முடிந்துவிட்டது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. சிவில் பதிவு நாள்தான் கணக்கு என்று அதிகாரி மறுக்கவும் கூடும். டிப்போவிடமிருந்து முதல் பதிவு நாளை எழுத்தில் வாங்கிவிட்டால் உங்கள் கை ஓங்கும். ஆனால் இந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வாகன ஊர்வலம், தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புவது, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. பவுண்டரிக்குப் போய்வர வேண்டுமென்றால் சாதாரணப் பதிவைத்தான் நாட வேண்டும்.

ஆலிவ் பச்சையைப் பற்றிப் பேரம் பேச இடமே இல்லை. பாதுகாப்புத் துறையைத் தவிர வேறு எவருடைய வண்டிக்கும் அந்த நிறம் கூடாது என்று 121ஆவது விதி சொல்கிறது. பழமை வண்டிக்கும் அதில் விலக்கு இல்லை. இது ஆலிவ் அல்ல, சற்று மண் கலந்த பச்சை என்று வண்ண அட்டையை நீட்டி வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆய்வாளர் அட்டையைப் பார்ப்பதில்லை, வண்டியைப் பார்க்கிறார். மணல் நிறம் அடியுங்கள், அதுவும் ஜோங்காவுக்கு எடுப்பாகத்தான் இருக்கும். அம்பு எண்ணை அழிப்பதற்கு முன் படம் எடுத்துவையுங்கள், மனுவுக்குத் தேவைப்படும்.

டம்மி துப்பாக்கியைச் சாலையில் எடுத்துச் செல்லாதீர்கள். மரத்தாலானதே ஆனாலும், நெடுஞ்சாலைச் சோதனையில் அதை விளக்கிச் சொல்லும் வாய்ப்பு உங்களுக்கு முதல் ஐந்து நிமிடத்தில் கிடைக்காது. செயலிழக்கச் செய்த உண்மைத் துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்டத்துக்குள் போய்விடுவீர்கள். ஊர்வலத்தில் ராணுவ உடையும் வேண்டாம். சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 168இன்படி மூன்று மாதம் வரை சிறை.

பதிவு ஆகும்வரை வண்டியை வைத்திருப்பதும் பழுதுபார்ப்பதும் குற்றமல்ல. ஓட்டுவதுதான் குற்றம். 39ஆவது பிரிவு பொது இடத்தோடு 'வேறு எந்த இடத்திலும்' என்றும் சொல்வதால் தோட்டத்துக்குள் ஓட்டலாம் என்ற சமாதானமும் நிற்காது. கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிச் செல்லுங்கள்.

டிப்போவின் பதில் 'இரும்புக் கழிவு' என்று வந்தால், ஓடக்கூடிய வண்டி என்று சொல்லி விற்ற பட்டறைக்காரர்மேல் பணத்தைத் திருப்பிக் கேட்டு உரிமையியல் வழக்குப் போடலாம். பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு, அதில் இரண்டு போய்விட்டன. தகவல் மனுவைப் போடும் அன்றே அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். ஆனால் நோட்டீஸ் அனுப்பியதால் காலவரம்பு நிற்காது. ரசீதின் தேதியிலிருந்து மூன்று ஆண்டு முடிவதற்குள் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும்.