ஆர்த்தோட்டிஸ்ட் வேலை: கேள்வி பதில்

நான் ஆர்த்தோட்டிஸ்டாகப் பணிபுரிகிறேன். இந்தத் தொழிலைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பள்ளி மாணவி): நீங்கள் எலும்பு மருத்துவரா, செயற்கைக் கால் செய்பவரா?

பதில்: இரண்டும் இல்லை. இழந்த உறுப்புக்கு மாற்றுச் செய்பவர் பிராஸ்தெட்டிஸ்ட். இருக்கும் உறுப்பைத் தாங்கவும் நேர்ப்படுத்தவும் காலிப்பர், ஸ்பிளிண்ட், பிரேஸ் போன்ற தாங்குகருவிகளை அமைத்துக் கொடுப்பவர்கள் நாங்கள், ஆர்த்தோட்டிஸ்டுகள். பல நாடுகளில் இரண்டையும் ஒரே படிப்பில் கற்பிக்கிறார்கள். 1970இல் தொடங்கப்பட்ட ஐ.எஸ்.பி.ஓ. என்ற பன்னாட்டுச் சங்கம் இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கிறது. கல்லூரி தேடும்போது அந்த அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: உண்மையில் நாள் முழுவதும் என்னதான் செய்வீர்கள்?

பதில்: பக்கவாதத்தால் பாதம் தொங்கிப்போன ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவரை நடக்கச் சொல்லிப் பார்ப்பேன். தசையின் வலு, மூட்டு மடங்கும் அளவு, தோலில் உணர்ச்சி இருக்கிறதா, வீட்டில் படிகள் உண்டா, என்ன செருப்பு அணிகிறார் என எல்லாவற்றையும் அறிந்த பிறகே மாவுக்கட்டு. அது இறுகியதும் வெட்டிக் கழற்றி, உள்ளே பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் காலின் அச்சு கிடைக்கும்.

அந்த அச்சைச் செதுக்குவதில்தான் எங்கள் வித்தை இருக்கிறது. எலும்பு துருத்தும் இடத்தில் பிளாஸ்டரைக் கூட்ட வேண்டும். அழுத்தம் தாங்கும் சதைப்பகுதியில் சீவ வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், பாதத்தைத் தூக்க உதவும் ஒரு நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. பிரேஸின் விளிம்பு அதை அழுத்தினால், பாதம் தொங்குவதற்கு நாமே காரணமாகிவிடுவோம்! பிறகு, ஓவனில் இளக்கிய பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் போர்த்தி, வெற்றிடப் பம்பால் உறிஞ்சிப் படியவைத்து, ஆறியதும் அறுத்து விளிம்பை மழுக்குவோம். அணிந்து பார்த்த பின்னரும் திருத்தம் இருக்கும், அநேகமாக எப்போதுமே.

கேள்வி: ஸ்கேனரும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் வந்த பிறகு இந்தக் கைவேலை நிலைக்குமா?

பதில்: மாவுக்கட்டின் அழுக்கு குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதைத் திரையிலும் ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அளவெடுக்கும்போது பாதத்தைச் சரியான நிலையில் பிடித்துக்கொள்ளவும் ஒரு கை வேண்டும்.

கேள்வி (ஒரு தாய்): முதுகெலும்பு வளைவுக்குத் தந்த பிரேஸை என் மகள் அணிய மறுக்கிறாள். நீங்களாவது கண்டித்துச் சொல்லக் கூடாதா?

பதில்: கண்டித்தால் கேட்கும் வயதா அது, அம்மா? நான் கண்டிப்பதில்லை, காரணத்தைச் சொல்கிறேன். வளரும் பருவத்தில் வளைவு மேலும் கூடாமல் தடுப்பதே பிரேஸின் முதன்மை நோக்கம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்குச் சராசரியாகச் சுமார் 13 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வளைவு, அறுவைச் சிகிச்சையை யோசிக்கும் அளவான 50 பாகையை எட்டவில்லை. அவளுக்கு எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் சொல்வார். எங்கே குத்துகிறது என்று அவளையே காட்டச் சொல்லி, பிரேஸோடு அதைச் செய்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிடிவாதம் என்று பெற்றோர் சொல்வது பல நேரங்களில் இடுப்பெலும்பின் மேல் உரசும் ஒரு விளிம்புதான்.

கேள்வி: பிடிக்காத அம்சம்?

பதில்: பிளாஸ்டர் தூசி, அரவை இயந்திரத்தின் இரைச்சல், மண்டியிட்டு அளவெடுத்து வரும் முழங்கால் வலி. அந்த முழங்காலுக்கு யார் பிரேஸ் செய்வது என்று பணிமனையில் கேலி உண்டு.

கேள்வி: கணக்கு எனக்குச் சுமார்தான். சேரலாமா?

பதில்: சேரலாம். நெம்புகோல் தத்துவம் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் ஓர் இடத்திலும் எதிர்ப்பக்கம் இரண்டு இடங்களிலும் அழுத்தி நிமிர்த்துவதே பெரும்பாலான பிரேஸ்களின் அடிப்படை. கணக்கைவிட, அறிமுகமில்லாதவரின் பாதத்தைக் கையில் ஏந்தக் கூச்சமில்லையா என்று யோசியுங்கள். முடிந்தால் ஒரு பணிமனையில் சில நாட்கள் உடனிருந்து பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.