கை போன போக்கு

கேள்வி: அடையாளம் காணத்தக்க உருவங்களின்றிக் கோடும் வண்ணமுமாகவே தீட்டும் அரூப ஓவியர்கள் திட்டம் ஏதுமின்றி உள்ளுணர்வால் வரைவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கை போன போக்கில் தீட்டுவதற்கு இது ஒரு கௌரவமான பெயர்தானே?

பதில்: ‘கால் போன போக்கு’ என்பதுதான் வழக்கு, நீங்கள் அதைக் கைக்கு மாற்றியிருக்கிறீர்கள். கால் போன போக்கில் நடப்பவரும் பள்ளத்தைக் கண்டால் யோசிக்காமலே விலகிவிடுகிறார், ஏனென்றால் அது நடந்து பழகிய கால். சித்திரத்தைக் கைப்பழக்கம் என்ற நம் முன்னோர் நடையையும் அதே மூச்சில் பழக்கம் என்றார்கள். ஓவியர் உள்ளுணர்வு என்று சொல்வதும், பல்லாண்டுகள் வரைந்தும் அழித்தும் பழகிய கண், காரணம் கேட்கப்படும் முன்பே எடுத்துவிடுகிற முடிவைத்தான்.

ரஷ்ய அரூப ஓவியர் காண்டின்ஸ்கி 1913 நவம்பரில், 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ‘கம்போசிஷன் 7’ ஓவியத்தை நான்கே நாட்களில் தீட்டினார். அந்த நான்கு நாட்களை மட்டும் கண்டவர் ஆவேசம் என்றே சொல்லியிருப்பார். ஆனால் அதற்கு முன் அவர் முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகளைச் செய்து பார்த்திருந்தார். அமெரிக்க ஓவியர் ஃபிரான்ஸ் கிளைனின் கருப்புப் பட்டைகள் ஒரே வீச்சில் விழுந்தவை போலத் தோன்றும். அவற்றில் பலவற்றை அவர் பழைய தொலைபேசிப் புத்தகத் தாள்களில் சிறிதாக வரைந்து பார்த்த பிறகே பெரிய கித்தானுக்குக் கொண்டுபோனார். அருகில் சென்று பார்த்தால் கருப்பின் விளிம்பின்மேல் வெள்ளை ஏறி நிற்பது தெரியும். அந்த வெள்ளை, வண்ணம் படாமல் மிஞ்சிய இடமன்று. பட்டையின் பருமனைக் குறைக்கவும் அதன் வேகத்தைத் திருத்தவும் தூரிகையால் பூசப்பட்டது.

எல்லோரும் முன்வரைவு செய்வதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெறுங்கித்தானில் நேராகத் தொடங்குகிறவர்களுக்கும் முதல் கோடு மட்டுமே சுதந்திரமானது. இரண்டாவது கோடு முதலாவதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், பத்தாவது கோடு ஒன்பதுக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்த உழைப்பை மறைத்து, ஏதோ அருள் வந்து ஆட்டுவித்ததாகக் கண்காட்சிக் கையேடுகளில் எழுதுகிறவர்கள் மீது எனக்கு நெடுநாளாகக் கோபம் உண்டு. உங்களைப் போன்றவர்களின் சந்தேகத்தை வளர்த்தவர்கள் அவர்களே. ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கித்தானைத் தலைகீழாகத் திருப்பிச் சுவரில் சாய்த்து, ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பதையும், பிறகு எழுந்து, தமக்கு மிகவும் பிடித்துப்போன மஞ்சள் திட்டைக் கத்தியால் சுரண்டி எடுப்பதையும் அவர்கள் எழுதியிருக்க வேண்டும்.