பல்லில் ஏறிய கறையும் பழைய பிறவிக் கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒன்பது வயதாகும் என் மகளுக்குப் பால்பற்கள் விழுந்து முளைத்த பற்கள் எல்லாம் பழுப்பேறி இருக்கின்றன. என் மாமியாருக்கோ முதுகு விறைத்து, கீழே உட்கார முடியாமல் போய்விட்டது. இரண்டுமே முற்பிறவிப் பாவத்தின் பலன் என்றும், தீர்த்தமலையில் ஐந்து தீர்த்தங்களிலும் நீராடினால் தீரும் என்றும் ஜோதிடர் சொல்கிறார். பாவம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? – ஒரு வாசகி, பென்னாகரம் வட்டம்.

பதில்: தண்ணீரைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், பாவத்துக்குப் பிறகு வரலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருக்கும் மிகப் பழமையான கடினப் பாறைகளில் ஃபுளோரைடு அடங்கிய கனிமங்கள் உண்டு. திறந்த கிணறுகள் வற்றி, ஊர்தோறும் போர் போட்டு ஆழத்திலிருந்து நீரை இறைக்கத் தொடங்கியபோது, நெடுங்காலம் பாறை இடுக்கில் தங்கி அந்தக் கனிமங்களைக் கரைத்துக்கொண்ட நீர் நம் குடங்களுக்கு வந்து சேர்ந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகும் எட்டு வயது வரையிலான காலத்தில் அந்த வரம்பை மீறிய நீரைக் குடிக்கும் குழந்தைக்குப் பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கிறது. அதே நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் விறைத்துப்போகின்றன. உங்கள் மாமியாரின் வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் அவரை எலும்பு மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

இப்போது ஜோதிடரின் விளக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே போர் நீரைக் குடிக்கும் தெருவில் பல குழந்தைகளுக்கு ஒரே மாதிரிக் கறை ஏறுகிறது என்றால், முற்பிறவியில் பாவம் செய்தவர்கள் அனைவரும் பேசிவைத்துக்கொண்டு அந்தத் தெருவில் வந்து பிறந்தார்கள் என்று நாம் நம்ப வேண்டியிருக்கும். அந்த நீரைக் குடிக்கும் மாடுகளுக்கும் இதே நோய் வருகிறது. மாடு என்ன பாவம் செய்தது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், அதற்கும் ஒரு பிறவிக் கதை சொல்வார். எந்தக் கேள்விக்கும் கதை சொல்லித் தப்பிக்க முடிகிற விளக்கத்தை நான் விளக்கம் என்றே ஏற்பதில்லை. துன்பப்படுகிறவரின் துன்பத்தையே அவருக்கு எதிரான சாட்சியாக்கி, நினைவில் இல்லாத ஒரு குற்றத்துக்காக அவரைத் தண்டிக்கிற இந்த வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறக்கவும் இடமில்லை. இதனால் விளைந்த கேடும் சிறிதன்று. கறை படிந்த பல்லுக்காகப் பெண் பார்க்கும் இடத்தில் தலைகுனிய வைக்கப்பட்ட பெண்கள் இந்த மாவட்டங்களில் உண்டு. பாவம் என்று முடிவு கட்டிவிட்ட வீட்டில் தண்ணீரைப் பரிசோதிக்கும் எண்ணம் யாருக்கும் வருவதில்லை.

காவிரி நீரை ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்டது இந்த ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்காகத்தான். (அதற்குக் கடன் கொடுத்த ஜப்பானிய முகமை எவருடைய பூர்வ ஜென்மக் கணக்கையும் கேட்டதாகத் தெரியவில்லை.) உங்கள் தெருவுக்கு அந்த நீர் வருகிறது என்றால், குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். வராவிட்டால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் உங்கள் போர் நீரைக் கொடுத்துச் சோதியுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். தீர்த்தமலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இராமன் பெயரில் விழும் அந்தத் தீர்த்தத்தில் குளித்துவிட்டு வருவது நல்ல அனுபவம்தான். ஆனால் ஏறிய கறை அதில் போகாது. அதற்குப் பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: பாவம் என்ற அச்சத்தையும் எடுத்துவிட்டால் மனிதன் எதற்குத்தான் அஞ்சுவான்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓசூர்.

பதில்: அந்த அச்சம் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஐயா. ‘பெண் பாவம் பொல்லாதது’ என்ற சொல் புழங்காத ஊர் இங்கே இல்லை. அதே ஊர்களில்தான் பிறந்த பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் புகட்டினார்கள். பெற்றவர்கள் வேண்டாம் என்று விடும் சிசுவை அரசு ஏற்று வளர்க்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியதும், 2001இல் அது தருமபுரிக்கும் வந்ததும், பாவ அச்சம் அந்தச் சிசுக்களைக் காப்பாற்றவில்லை என்பதால்தான். கொன்றவர்களில் பலர் சாமி கும்பிடாதவர்கள் அல்லர். ‘பெண்ணாகப் பிறந்து படப்போகும் பாட்டுக்கு இதுவே புண்ணியம்’ என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளவும் அந்தச் சொற்களே உதவின. எதைப் பாவம் என்பது, எதைப் புண்ணியம் என்பது என்ற முடிவு வலியவர் கையில் இருக்கும் வரை, அந்த அச்சம் எளியவரை மட்டுமே கட்டிப்போடும்.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். அரூர் வட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மலைவாழ் மக்களைத் தாக்கினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ததோடு, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. ‘செய்த பாவம் சும்மா விடாது’ என்று ஆறுதல் சொன்னவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெண்கள் கடவுளின் கணக்குக்காகக் காத்திருக்காமல், சாட்சிக் கூண்டில் ஏறி நின்று நடந்ததைச் சொன்னார்கள். தண்டனை மிகவும் தாமதமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அது இந்தப் பிறவியிலேயே, செய்தவருக்கே கிடைத்தது.

மதங்களையும் ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. சக மனிதருக்கு இழைத்த தீங்கை அந்த மனிதர் மன்னிக்காமல் இறைவன் மன்னிப்பதில்லை என்று யூத மரபும் இசுலாமிய மரபும் சொல்கின்றன. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கடமை கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்திலும் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் சடங்கிலும்) உண்டு. நடைமுறையில் உண்டியலுக்கு இருக்கும் கூட்டம் இதற்கு இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தை, படிக்கத் தெரியாத தம்பியின் ஒன்றரை ஏக்கர் பங்கை ஏமாற்றி எழுதி வாங்கினார். சித்தப்பாவும் இப்போது இல்லை. என் மகனுக்குத் திருமணம் தள்ளிப்போவதற்கு இந்தப் பாவமே காரணம் என்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கல்லில் பரிகாரம் செய்தால் போதுமா? – ஒரு வாசகர், ஊத்தங்கரை.

பதில்: உங்கள் மகனின் திருமணத்துக்கும் அந்த நிலத்துக்கும் தொடர்பில்லை, பெண் அமைந்தால் நாளைக்கே நடக்கும். அப்படி நடந்துவிட்டால் நிலத்தை நீங்கள் மறந்துவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. சித்தியும் அவருடைய பிள்ளைகளும் அதே ஊரில் கூலி வேலை செய்வதாக நீங்களே கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். தந்தை செய்தது உங்கள் குற்றமன்று. ஆனால் அந்த ஒன்றரை ஏக்கரின் விளைச்சலை இன்று அனுபவிப்பவர் நீங்கள். எந்த வகைப் பத்திரம் எழுத வேண்டும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு, சித்தியை அழைத்துச் சென்று சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், பட்டாவையும் மாற்றிக் கொடுங்கள். பதிவுச் செலவை அவர் தலையில் கட்டாதீர்கள்.