குளம் வெட்டுகிறவர்களுக்கு லோகோ எதற்கு?

கேள்வி: பேராவூரணிப் பக்கம் கடைமடைக் கிராமம் எங்களுடையது. கஜா புயலுக்குப் பிறகு நண்பர்கள் சேர்ந்து ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்து, இதுவரை 7 குளங்களைத் தூர்வாரியிருக்கிறோம். ஆரம்பத்தில் பணம் தானாக வந்தது, இப்போது வருவதில்லை. ஒரு விளம்பர நிறுவனம் புதுப் பெயர், லோகோ, இணையதளம், ஆறு மாதத்துக்கு ரீல்ஸ் எல்லாம் சேர்த்து ₹1,25,000 கேட்கிறது. ‘சேவை செய்கிறவனுக்கு விளம்பரம் எதற்கு?’ என்கிறார்கள் எங்களில் மூத்தவர்கள். ‘நாலு பேருக்குத் தெரியாமல் யார் கொடுப்பார்கள்?’ என்பது எங்கள் கட்சி. லோகோ மாதிரியையும், சிங்கப்பூர், மலேசியா குரூப்களுக்கும் நாங்கள் அனுப்புகிற நோட்டீஸையும் இணைத்திருக்கிறேன். இன்னொன்று, இங்குள்ள அரசியல் பிரமுகர் ஒருவர் அடுத்த குளத்துக்கு உதவுகிறேன் என்கிறார். பேனரில் அவர் படம் வேண்டுமாம். என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பேராவூரணி வட்டம்

பதில்: உங்கள் மூத்தவர்களை ஒரு நாள் சாயங்காலம் பக்கத்துக் கோயிலுக்கு அழைத்துப்போய் டியூப்லைட்டைக் காட்டுங்கள். ‘உபயம்’ என்று ஆரம்பித்துப் பெயர், ஊர், கடை என்று எழுதியதில் வெளிச்சம் வருவதற்கே இடம் இருக்காது. தர்மமும் விளம்பரமும் நம் ஊரில் ரொம்ப நாளாகக் கூட்டாகத்தான் குடித்தனம் நடத்துகின்றன. அதனால் விளம்பரம் தப்பே இல்லை. ஆனால் உங்கள் கட்சியையும் என்னால் முழுக்க ஆதரிக்க முடியவில்லை. 7 குளம் வெட்டியவர்களை ஊருக்குத் தெரியாது என்று சொன்னால் எப்படி நம்புவது? தெரிந்தும் கொடுக்கவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

நோட்டீஸைப் பார்த்தேன். குளம் தூர்வாருதல், பள்ளிக்கு நோட்டுப் புத்தகம், ரத்ததானம், கண் சிகிச்சை முகாம், மரக்கன்று, கபடிப் போட்டிக்குக் கோப்பை. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் இதைப் படிக்கிறவர் உங்களை எதற்காக நினைவில் வைத்துக்கொள்வார்? வெளியூரில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர் நாலு பேருக்குப் போன் போட்டு, ‘நம்ம ஊர்ல ஒரு டிரஸ்ட் இருக்கே, அவங்க என்ன பண்றாங்க?’ என்று கேளுங்கள். அறக்கட்டளையின் நீளப் பெயரை யாரும் சொல்லப் போவதில்லை. ‘குளம் வெட்டுற பசங்க’ என்றுதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் சொன்னால் உங்கள் விளம்பர வேலையில் பாதி முடிந்த மாதிரி. நோட்டீஸில், வாட்ஸ்அப்பில், மேடையில் எல்லாம் குளம் ஒன்றையே பேசுங்கள். மற்ற காரியங்களைச் செய்ய மனம் இருந்தால் செய்யுங்கள், அவற்றுக்காகத் தனியாகக் கைநீட்டாதீர்கள்.

இதற்கு உங்கள் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய ஜெயராமன், பாரம்பரிய நெல் விதையை 2 கிலோ கொடுப்பார், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் திட்டம். படிக்காத விவசாயியும் அடுத்தவருக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது தமிழ்நாடே அவரை ‘நெல்’ ஜெயராமன் என்றுதான் அறிந்திருந்தது. எந்த நிறுவனம் எத்தனை லட்சம் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு பெயரை வாங்கித் தரும்?

சரி, பணம் ஏன் நின்றது என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம் மண்.

டெல்டாவில் ஒரு குளத்துக்குள் ஹிட்டாச்சி இறங்கியதுமே டீக்கடையில் கிளம்பும் முதல் கேள்வி, ‘மண்ணு எங்க போவுது?’ என்பதுதான். கரையைப் பலப்படுத்தப் போகிறதா, வண்டலாக வயலுக்குப் போகிறதா, யாரோ ஒருவரின் மனையை மேடாக்கப் போகிறதா? தூர்வாருகிறேன் என்று ஆரம்பித்து மண் விற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன ஊர்கள் நம்முடையவை. நீங்கள் ஒரு லோடுகூட விற்காதவர்களாக இருக்கலாம். ஆனால் யாராவது கேட்டால் காட்ட என்ன வைத்திருக்கிறீர்கள்? எந்த லோகோவாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. உங்கள் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவும் மாட்டார்கள். பணம் கொடுக்காமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே முதல் செலவு இதற்கு. குளக்கரையில், வேலை நடக்கும்போதே, ஒரு பெரிய தகரப் பலகை. அனுமதி எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில் வாங்கியது. இயந்திரத்துக்கு மணி வாடகை எவ்வளவு, இன்று எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எவ்வளவு. எடுத்த மண்ணில் கரைக்குப் போட்டது எத்தனை நடை, எந்தெந்த விவசாயி வயலுக்கு எத்தனை நடை. தினமும் சாயங்காலம் சாக்பீஸால் எழுதி, அதைப் படம் பிடித்து குரூப்பில் போடுங்கள். உங்கள் பக்கம், விருந்து வைத்து மொய்ப்பணம் திரட்டும் மொய் விருந்துக்குப் பேர்போன பக்கம். மொய் நோட்டில் பத்து ரூபாய் விடுபட்டாலும் உறவு விட்டுப்போகும் என்று தெரிந்தவர்கள் நீங்கள். இப்போது மொய்க்கே கணினி ரசீது வந்துவிட்டது. அந்த அளவு கணக்கைக் குளத்துக்கும் வையுங்கள். ஒரு விவசாயி தன் பெயரைப் பலகையில் பார்த்தாலே பத்துப் பேரிடம் சொல்லிவிடுவார்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஆட்கள் வரிசையாக நின்று சால்வை போர்த்துவது. குளம் எங்கே? கரையில் ஒரு மரத்தையோ படித்துறையையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, அதே இடத்திலிருந்து மூன்று முறை எடுங்கள்: ஆகாயத்தாமரை மண்டிக்கிடக்கும்போது ஒன்று, வெட்டி முடித்ததும் ஒன்று, ஐப்பசி மழையில் நிறைந்ததும் ஒன்று. இரக்கம் காட்டும் படங்கள் மட்டும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் நிவாரணம் என்று வந்த பழைய துணி குவிந்து கிடந்ததும், கஜாவின்போது ஒரு பை அரிசியைக் கொடுத்துப் பத்துப் பேர் போட்டோவுக்கு நின்றதும் நம் மக்களுக்கு மறக்கவில்லை. கைநீட்டி வாங்குகிறவர் முகத்தைப் போட்டுக் காசு கேட்கிறவர்களை இந்தப் பகுதி சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். ஆடி, ஆவணியில் கேட்காதீர்கள். ஊர்ப் பணம் முழுக்க மொய்யில் சுற்றிக்கொண்டிருக்கும். சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை, மாசிதான் உங்களுக்கு நேரம். பொங்கலுக்கு வெளியூர்க்காரர்களும் வந்திருப்பார்கள், நிறைந்த குளத்தின் படமும் கையில் தயாராக இருக்கும். பங்குனி, சித்திரையில் வேலை. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு வழக்கமான நாள். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் உங்கள் கடைமடைக்கு வந்து சேரத் தாமதமாகும் என்றாலும், ஜூன் 12-க்குள் முடிப்பதாகச் சொல்லிவிட்டு முடித்துக் காட்டுங்கள்.

அப்புறம், நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ‘80ஜி வரிவிலக்கு உண்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரருக்கு அந்தச் சலுகையே கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கும் ₹2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. அதைக் கீழே சிறிய எழுத்தில் வைத்துவிட்டு, மேலே குளத்தின் பெயரைப் போடுங்கள்.

இதைவிடப் பெரிய கவலை அதே நோட்டீஸில் இருக்கும் க்யூஆர் கோடு. சிங்கப்பூர், மலேசியா குரூப்களுக்கும் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் உங்கள் சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. குடியுரிமை என்ன என்று கேட்க ஒரு வரியைப் படிவத்தில் சேர்த்துவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் தனிக் கதை. அதற்கு சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும், அதே மாதிரி வேலையில் குறைந்தது 3 வருட அனுபவமும் காட்ட வேண்டும். உங்களிடம் அனுபவம் இருக்கிறது, பதிவு இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இனி அந்த ₹1,25,000. புதுப் பெயர் வேண்டவே வேண்டாம். அறக்கட்டளைப் பத்திரம், பான், வங்கிக் கணக்கு, வருமான வரிப் பதிவுகள் என்று ஒவ்வொன்றாக மாற்றி முடிப்பதற்குள் ஒரு குளம் வெட்டிவிடலாம். பழைய பெயர் பத்திரத்தில் இருக்கட்டும், நோட்டீஸில் ஊர் உங்களைக் கூப்பிடும் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். லோகோ ஒன்று இருக்கலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய மாதிரியில் கோபுரமும் அதன் முன்னால் சிங்கத் தூணும் இருப்பது கிட்டத்தட்ட தமிழ்நாடு அரசின் முத்திரை. தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-இல் வந்த சட்டமே இருக்கிறது, அதை முதலில் நீக்கச் சொல்லுங்கள். ரப்பர் ஸ்டாம்பிலும் வாட்ஸ்அப் வட்டத்திலும் ஒரே நிறத்தில் தெளிவாகத் தெரியும் படம் போதும். உள்ளூர் பிரிண்டிங் பிரஸ்ஸில் டிசைன் செய்யும் பையனே போட்டுக் கொடுப்பான். ரீல்ஸ் ஆறு மாதம் வெளியாள் எடுக்கத் தேவையில்லை. உங்களில் யாராவது ஒருவர், முதல் தண்ணீர் மதகு வழியாகக் குளத்துக்குள் நுழைவதை வெட்டாமல் ஒட்டாமல் ஒரு நிமிடம் எடுத்துப் போட்டால் துபாயில் இருப்பவர் அழுதுவிடுவார். மிச்சப் பணத்தில் பலகைகள் செய்யுங்கள், பழைய நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து அவர்கள் கொடுத்த குளம் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆள் வையுங்கள். காசு கேட்காத அழைப்பாக அது இருக்க வேண்டும்.

கடைசியாக அந்தப் பிரமுகர். அவர் பணத்தை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தொடக்க நாளில் மேடைக்கு அழையுங்கள், முதல் மண்ணை அவரே எடுக்கட்டும், நன்கொடையாளர் பட்டியலில் தொகையோடு அவர் பெயர் இருக்கட்டும், எல்லாருக்கும் போட்ட அதே எழுத்து அளவில். படம் மட்டும் பேனரில் வேண்டாம். ஒருவர் படம் வந்தால் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பணமும் அவர் உறவுக்காரர் பணமும் அன்றோடு நின்றுபோகும், அடுத்த தேர்தலுக்குப் பிறகு குளத்தைச் சீண்ட ஆளிருக்காது. அவரிடம் போய் இதைத் தனியாகச் சொல்லாதீர்கள். ‘பேனரில் யார் படமும் போடுவதில்லை’ என்று அவர் வருவதற்கு முன்பே கூட்டம் போட்டுத் தீர்மானமாக எழுதி, மினிட்ஸ் புத்தகத்தில் உங்கள் மூத்தவர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பேசப் போங்கள். மறுக்க வேண்டிய இடத்தில் அவர்களையே முன்னால் விடுங்கள், ‘சேவைக்கு விளம்பரம் எதற்கு?’ என்ற பேச்சு அங்கே நன்றாக எடுபடும்.