அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு அளவு மீறினால் தொழிலாளிக்கு என்ன வழி?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கமிருந்து கூடங்குளத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. உடல் ஏற்கும் கதிர்வீச்சு சட்ட வரம்பைத் தாண்டுவதே அளவு மீறல்: ஓர் ஆண்டில் 30 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), தொடர்ந்து 5 ஆண்டுகளில் 100. ஆண்டுக் கணக்கு மட்டும் ஏன் போதாது? கதிர்வீச்சு உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. மொத்த அளவு ஏற ஏறப் புற்றுநோய் ஆபத்தும் ஏறும். மளிகைக் கடைப் பற்றுக் கணக்கைப் போல, பழைய பாக்கி அடுத்த பக்கத்துக்கும் வரும்.

உடலில் படும் கதிர்வீச்சைக் கணக்கெடுக்கச் சட்டையில் அணியும் அளவி அட்டையின் பதிவே சாட்சி. 2004-ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகளின்படி அந்தப் பதிவைக் கேட்டு வாங்கலாம். வேலையை விட்டு நிற்கும்போதும் வேலை கொடுத்தவர் அதைத் தர வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள், பின்னாளில் வாய்ப்பேச்சு எடுபடாது. கதிர்வீச்சு நோய்கள் தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளன. தொழிலாளர் இழப்பீட்டை விசாரிக்கும் அதிகாரியிடம் மனுச் செய்யலாம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அங்கே.

ஒப்பந்தக்காரரிடம் மட்டுமே இழப்பீடு கேட்க முடியும் என்பது தவறான எண்ணம். வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட நிறுவனத்திடமும் கேட்கலாம்.