கேட் (CAD) மென்பொருளில் வரையும் அசெம்பிளி வரைபடத்தில், அதாவது பாகங்களைப் பூட்டிய நிலையில் காட்டும் வரைபடத்தில், அளவுகளோடு ஜியோமெட்ரிக் டாலரன்ஸும் எதற்கு?

ஒரு பாகம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வது அளவு. அது எவ்வளவு கோணலாக, வளைவாக, இடம் விலகி இருக்கலாம் என்று எல்லை கட்டுவது ஜியோமெட்ரிக் டாலரன்ஸ்.

அளவு சரியாக வந்தாலும் வடிவம் பிசகலாம் என்பதுதான் காரணம். கோவையில் செய்யப்படும் மோனோபிளாக் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுழலும் தண்டான ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் எங்கே பிடித்தாலும் விட்டம் 25 மி.மீ. என்றே காட்டும். பேரிங்கில் ஏற்றி, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் உட்காரும் இடத்தில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து மெல்லச் சுழற்றினால் முள் ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் நாளடைவில் சீலைத் தேய்த்துத் தண்ணீரைக் கசியவிடும். வெறும் அளவுகள் மட்டுமே இருக்கும் வரைபடத்தில் அந்த ஷாஃப்டைத் தள்ளுபடி செய்ய ஒரு வரிகூட இருக்காது. அப்போது லேத்காரர் மேல் பழி போடுவது அநியாயம்.

கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். நான்கு கால்களும் ஒரே உயரம். ஆனால் ஒரு காலின் துளை சாய்ந்துவிட்டால் கட்டில் ஆடும்.

அசெம்பிளி வரைபடத்தில், பூட்டிய பிறகு சோதிக்க வேண்டியவற்றுக்கு மட்டும் ஜியோமெட்ரிக் டாலரன்ஸைத் தாருங்கள். எந்த முகத்தை ஆதாரமாக வைத்து அளப்பது என்பதையும், அதாவது டேட்டத்தையும், கட்டாயம் குறியுங்கள். மற்றவை அந்தந்தப் பாகத்தின் வரைபடத்துக்கே உரியவை.

இது வேலையை இறுக்கிச் செலவைக் கூட்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் துளை மையத்துக்கு ±0.1 மி.மீ. என்ற சதுர எல்லைக்குப் பதில், அதன் மூலைகளைத் தொடும் 0.283 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைத் தந்தால், அனுமதிக்கப்படும் பரப்பு சுமார் 57 சதவீதம் கூடவே செய்கிறது.