பிக்கப்ல டிபிஎஃப் லைட், வாரண்டி தரமாட்டேங்குறாங்க

அண்ணே, பிக்கப்ல டிபிஎஃப் (டீசல் புகையில வர்ற கரியப் புடிக்கிற ஃபில்டர்) லைட் அடிக்கடி எரியுது, புல்லிங் இல்ல, சர்வீஸ்ல கேட்டா ஓட்டுற விதம் சரியில்ல வாரண்டி கெடையாதுன்னுட்டாங்கன்னு போட்டிருந்தீங்க. மார்க்கெட்டுக்குள்ளயே சின்ன ட்ரிப் அடிக்கிற பிஎஸ்6 டீசலுக்கு இது வரும்தான், ஏன்னா ஃபில்டர்ல சேர்ற கரி எரியணும்னா கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேணும், நின்னு நின்னு போனா அந்தச் சூடு நிக்காது. லைட் வந்ததும் மேனுவல்ல சொன்ன மாதிரி பைபாஸ்ல ஒரே வேகத்துல விட்டுப் பாருங்க, பாதியில ஆஃப் பண்ணாதீங்க.

ஆனா லாங் போயும் திரும்பத் திரும்ப வந்தா ஓட்டுறவர் மேல பழி போட்டுட்டு விடக்கூடாது, இன்ஜெக்டர், இஜிஆர் வால்வு (புகையில கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்கு விடுறது), ப்ரெஷர் சென்சார் எல்லாத்தையும் பாக்கணும், பாக்காமலே வாரண்டி இல்லன்னா அது அநியாயம். ஜாப் கார்டுல உங்க கம்ப்ளைண்ட்ட நீங்க சொல்றபடியே எழுத வைங்க, எரர் கோட் பிரிண்ட் வாங்குங்க, மறுக்குறதுக்குக் காரணத்தை மெயில்ல கேளுங்க, வாய்ப்பேச்சு எதுக்கும் ஒதவாது. டிப்ஸ்டிக்ல ஆயில் லெவல் ஏறியிருந்தா டீசல் கலந்திருக்கலாம், உடனே காட்டுங்க.

மசியலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுங்க. சரக்கு வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கெடையாதும்பாங்க, நம்பாதீங்க, சுயதொழில் பண்ணிப் பொழைக்க வாங்குனவரும் நுகர்வோர்தான்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயே இருக்கு. டிபிஎஃப்ப வெட்டிடலாம்னு வெளி மெக்கானிக் சொன்னா தயவுசெஞ்சு வேணாம்ணே, இருக்குற வாரண்டியும் போயிடும்.

எரர் கோட் பிரிண்ட் வந்ததும் இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.